வீட்டில் ஒரு நாய்க்குட்டிக்கு இடம் கேட்பது

நாய்க்குட்டி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதும் வேண்டாம் என்று பெற்றோர் மறுப்பதும் எல்லா ஊர்களிலும் எல்லாக் காலங்களிலும் நடந்துவருகிற வழக்குத்தான் என்றாலும், அந்த வழக்கில் பிள்ளைகளின் தரப்பில் நின்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிரியம் ஒன்றையே சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மறுப்புக்கு உள்ளே இருக்கும் காரணத்தை விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற தகப்பனாரின் மனத்தில் ஒரு பயம் இருக்கும். தாயாரின் மனத்தில் ஒரு கணக்கு இருக்கும். பாட்டி உள்ள வீடானால் அவள் மனத்தில் ஓர் ஆசாரம் இருக்கும். பயத்துக்குச் சொல்ல வேண்டிய சமாதானத்தைக் கணக்குக்குச் சொல்லிப் பயனில்லை; கணக்கைத் தீர்க்கக் கண்ணீர் உதவாது. எது எவருடைய ஆட்சேபம் என்று பொறுமையாக அறிந்துகொண்டு, அததற்கு உரிய விடையைத் தேடிக் கொண்டுவந்து வைக்கிற பிள்ளைக்கே உண்மையான சம்மதம் கிடைக்கும். அப்படிக் கிடைத்த சம்மதத்தின் பேரில் வருகிற குட்டிக்குத்தான் அந்த வீட்டில் நிம்மதியான வாழ்வும் உண்டு.

இதை வெறும் உபதேசமாக நான் சொல்லவில்லை. கனம் கிருஷ்ணையர் போன்ற சங்கீத வித்துவான்களை ஆதரித்த பழைய ஜமீன் ஊராகிய எங்கள் உடையார்பாளையத்தில், என் தமக்கை வாழ்க்கைப்பட்டிருக்கும் வீடு பட்டு நெசவு செய்கிற வீடு. கூடத்தில் குழித்தறி, தறிக்கு எதிரே தார் சுற்றும் ராட்டை, பின்னால் சமையற்கட்டு, தாழ்வாரம், ஒரு வேப்பமரம் நிற்கிற கொல்லை. அந்த வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் தமக்கை மகள் நாய்க்குட்டி ஒன்றுக்கு இடம் கேட்டு, ஆவணியில் தொடங்கி மாசி வரையில் நடத்திய முயற்சியை அருகில் இருந்து பார்த்தவன் நான். இப்போது அதே ஆசையோடு இருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் திகைக்கும் பெற்றோருக்கும் உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

முதலில் அவள் வந்தது என்னிடம்தான். "மாமா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு. எனக்காக ஒரு வார்த்த சொல்லுங்க மாமா" என்றாள்.

"நான் சொல்லி வாங்கிக் குடுத்தா அது என் நாயாப் போயிடும்மா. நீயே கேளு. எப்படிக் கேக்குறதுன்னு வேணா சேர்ந்து யோசிப்போம்" என்றேன்.

பிள்ளைகளுக்கு உடனே தோன்றுகிற உபாயங்கள் இரண்டு. சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பது ஒன்று. குட்டியை யாருக்கும் தெரியாமல் தூக்கிவந்து கொல்லையில் மறைத்துவைத்து, அகப்பட்டுக்கொண்டால் "அதுவா பின்னாடியே வந்துருச்சு" என்று சொல்லிவிடுவது மற்றொன்று. இந்த இரண்டாவது உபாயத்தை எங்கள் ஊர்ப் பிள்ளை நினைக்கவும் கூடாது என்று அவளிடம் சொன்னேன். பயறணீசுவரர் கோயிலின் ஐதீகம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மிளகுக்குச் சுங்கம் உண்டு, பயறுக்கு இல்லை என்று அறிந்த வணிகன் ஒருவன், தன் மூட்டைகளில் இருப்பது பயறு என்று பொய் சொல்லித் தப்பிப் போக, பிறகு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் மிளகு முழுவதும் பயறாகவே மாறியிருந்தது, இறைவனிடம் அழுது முறையிட்ட பின்புதான் அது பழையபடி மிளகாக மாறியதாம். பொய்யின் மேல் கொண்டுவரப்பட்ட நாய்க்குட்டிக்கு முறையிட்டுக்கொள்ள வழியும் கிடையாது. அது முதல் தடவை கூடத்தை அசுத்தம் செய்கிற அன்றைக்கே, "உன்னை யார் கொண்டுவரச் சொன்னது?" என்ற கேள்வி எழும், மறுநாள் அது கடைவீதியில் நிற்கும். நம் ஊர்களில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எலும்பும் தோலுமாய்த் திரிகிற இளநாய்களில் எத்தனையோ, யாரோ ஒரு குழந்தையின் அவசர ஆசையினால் ஒரு வீட்டுக்குள் வந்து, பெரியவர்களின் கோபத்தினால் வெளியே போனவையாகத்தான் இருக்க வேண்டும். வளர்த்த பிராணியைத் தெருவில் விட்டுவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும், அந்தச் சட்டம் பிறப்பதற்குக் காரணமாக மாநிலங்களவையில் விடாமல் வாதாடியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் என்பதும் நம்மில் பலர் மறந்துவிட்ட விஷயங்கள்.

ஆக, நேர்வழி ஒன்றுதான் என்று தீர்மானமாயிற்று. வீட்டில் மூன்று பேர். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டுத் தெரிந்துகொள்வது என்று அவள் புறப்பட்டாள்.

அவளுடைய அப்பாயி சொன்னது எதிர்பார்த்ததுதான். "வெள்ளி செவ்வாய்க்கு வாச தெளிச்சுக் கோலம் போடுற வீடு. சாமி கும்புடுற எடத்துல நாயி பொழங்கலாமாடி?" என்றாள் கிழவி. இந்த வார்த்தையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சிரத்தையே அந்த ஆசாரத்துக்கு வேர். ஆனால் அதே அப்பாயி, சிவன் கோயிலுக்குப் போனால் பைரவர் சந்நிதியில் நின்று கும்பிடாமல் திரும்புகிறவள் அல்லள். பைரவருக்கு வாகனம் எது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியப் பாரதம் கேட்டவள். எல்லாரையும் இழந்துவிட்டுக் கடைசிப் பயணம் போன தர்மபுத்திரர், கூடவே வந்த நாயை விட்டுவிட்டு ஏறச் சொன்ன ரதத்தில் ஏற மாட்டேன் என்று சொர்க்கத்தின் வாசலில் நின்றாரே, அந்தக் கதையையும் அறிந்தவள். பேத்தி அந்தக் கதையை நினைவூட்டியபோது, "அது தருமதேவதைடி" என்றாள். "அது தருமதேவதைன்னு தருமருக்கு அப்பத் தெரியாதே அப்பாயி. நாயின்னுதான நெனச்சாரு?" என்று குழந்தை கேட்டதாகவும், கிழவி சற்று நேரம் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்ததாகவும் பிறகு கேள்விப்பட்டேன். வாதத்தில் தோற்றதனால் மனம் மாறுகிறவர்கள் குறைவு. ஆனால் தன் சொந்தச் சொத்தாகிய கதையிலிருந்தே நியாயம் எடுத்துக் காட்டப்படும்போது பெரியவர்களுக்கு ஒரு சந்தோஷம் உண்டாகிறது.

நாயை இழிவாகப் பேசுவது தமிழில் சகஜம்தான். ஆனால் நாயைப் போற்றியதும் தமிழ் மண்ணே என்பதை அந்தச் சமயத்தில் நான் அவளுக்கு விவரமாகச் சொன்னேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஏழாம் நூற்றாண்டில், பல்லவன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட ஒரு நடுகல் உண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர் நீத்த ஒரு வீரனின் நினைவாக எழுந்த அந்தக் கல்லில், வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்து நின்றது என்றும் எழுதியே வைத்திருக்கிறார்கள். எத்தனையோ மனிதர்களின் பெயர்கள் காற்றோடு போய்விட்ட அந்தக் காலத்திலிருந்து, ஒரு நாயின் பெயர் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைக் கடந்து நமக்கு வந்திருக்கிறது! கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கல்வெட்டு இதைவிட வியப்பானது. எங்கள் ஊருக்குக் கிழக்கே, ஜெயங்கொண்டம் தாண்டி, கங்கைகொண்ட சோழபுரத்தில் இராஜேந்திரன் கோயில் எழுப்புவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்னால், கி.பி. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் மாண்டான் என்று சரித்திரப் புத்தகத்தில் படிக்கிறோம் அல்லவா? அந்தச் செய்தியைச் சொல்லும் கல்வெட்டே ஒரு வேட்டை நாய்க்கு எடுத்த நினைவுக்கல்தான். போரில் துணைநின்ற மணலேரன் என்னும் வீரனிடம், வேண்டியதைக் கேள் என்று கங்க அரசன் பூதுகன் சொல்ல, அவன் நிலத்தையோ பொன்னையோ கேட்கவில்லை. அரசனுடைய காளி என்ற நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் பின்னர் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் ஒருங்கே மடிந்தன. நாயும் பன்றியும் எதிர்த்து நிற்கும் சிற்பத்தோடு கல் நாட்டி, அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள். இந்தக் கதையைக் கேட்ட அன்றைக்கே, தனக்கு வரப்போகும் குட்டிக்கு என்ன பெயர் என்பதை அந்தப் பெண் முடிவு செய்துவிட்டாள்; சம்மதம் மட்டும்தான் பாக்கி.

தகப்பனாரின் ஆட்சேபம்தான் கடினமானது. என் மச்சான் கோபக்காரர் அல்லர். ஆனால் நாய் என்ற பேச்சை எடுத்தாலே தறியை விட்டு எழுந்து வெளியே போய்விடுவார். ஒருநாள் இரவு, சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் காரணம் வெளிவந்தது. அவருக்கு எட்டோ ஒன்பதோ வயதாயிருக்கும்போது, முந்திரிக் காட்டுப் பக்கம் ஒரு நாய் அவர் கெண்டைக்காலைக் கவ்வியிருக்கிறது. "தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி. தெனமும் எங்கப்பா தோள்ல தூக்கிட்டுப் போவாரு. ஊசியப் பாத்தாலே எனக்கு மூத்திரம் போயிடும். அத எம்புள்ள படணுமா?" என்றார். சட்டையைச் சற்றுத் தூக்கி வயிற்றைத் தடவிக்கொண்டே அவர் சொன்ன விதத்தைப் பார்த்தபோது, இத்தனை வருஷமாக அவர் மறுத்தது தம் மகளின் ஆசையை அன்று, தம்முடைய பழைய வேதனை மறுபடி இந்த வீட்டுக்குள் வருவதையே என்பது எங்களுக்கு விளங்கிற்று. மகள் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அன்று அவள் நாய்க்குட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் மறுவாரம் அவள் கால்நடை மருந்தகத்துக்குப் போய், வரிசையில் மாடுகளும் ஆடுகளும் நகர்ந்த பிறகு, மருத்துவரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். அவள் கொண்டுவந்ததையும் நான் படித்து அறிந்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்; வெறிநோய் பற்றிய பயம் நம் வீடுகளில் நியாயமான பயம், அதை அறிவினாலேயே ஆற்ற வேண்டும்.

வெறிநாய்க்கடிக்கு மருந்து உண்டு என்று உலகம் அறிந்தது 1885ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் தேதி, பாரிஸில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தத் தொடங்கியபோது. தென்னாட்டில் அந்தச் சிகிச்சைக்காகவே குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது. மச்சானுக்குப் போட்ட ஊசி, டேவிட் செம்பிள் என்ற வெள்ளைக்காரர் கசௌலியில் கண்ட முறைப்படி ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தது. அளவு அதிகம், வலி அதிகம். சிலருக்கு நரம்பில் தீங்கும் செய்தது. உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்று சொன்ன அந்த மருந்தை இந்தியா 2004ஆம் ஆண்டோடு கைவிட்டுவிட்டது. இப்போது தொப்புளைச் சுற்றி ஊசி கிடையாது. தோள்பட்டையில், தோலுக்குள் போடுகிற முறையில், கடித்த அன்று, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று போடுகிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். காயம் ஆழமானால் அதைச் சுற்றி வேறொரு மருந்தும் போடுவார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், கடித்த இடத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு தடவுவது, மஞ்சள் அப்புவது, மிளகாய் அரைத்து வைப்பது எல்லாம் காலத்தை வீணாக்கிக் காயத்தைக் கெடுப்பவை. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. கடித்தவுடன் முறையாக மருத்துவம் செய்துகொண்டால் சாவது அநேகமாக இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைகளுக்குப் பாடமாகச் சொல்லிவைக்க வேண்டும், நாய் வளர்த்தாலும் வளர்க்காவிட்டாலும். உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 59,000 பேர் இந்த நோயினால் இறக்கிறார்கள் என்பதும், சந்தேகத்துக்கு உரிய பிராணிகளிடம் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மச்சானின் பயத்தை நான் அற்பமாக நினைக்காததற்குக் காரணம் அதுதான்.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்தவுடன் வெறிநோய்த் தடுப்பூசி. அப்புறம் மருத்துவர் சொல்லுகிறபடி மறு ஊசி. பின்பு வருஷந்தோறும் ஒன்று. பாஸ்டர் காலமான செப்டம்பர் 28ஆம் தேதியை உலக வெறிநோய் தினமாக வைத்திருப்பதால், அந்தச் சமயத்தில் பல இடங்களில் கால்நடைத் துறையார் முகாம் வைத்து இலவசமாகவே போடுகிறார்கள். மூன்று மாதம் ஆகாத குட்டியின் பல்லோ நகமோ பட்டால்கூட அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் அந்தப் பெண் மறைக்காமல் எழுதிவந்திருந்தாள். தகப்பனாரை மாற்றியது அந்தக் கடைசி வரி என்றே நினைக்கிறேன். "இதையும் எழுதிட்டு வந்திருக்கியே" என்று நோட்டை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அநுகூலமானதை மட்டும் சொல்லிச் சம்மதம் வாங்க நினைக்கிற பிள்ளையிடம் பெரியவர்களுக்குச் சந்தேகம் வருவதும், பிரதிகூலத்தையும் தானே எடுத்து வைக்கிற பிள்ளையிடம் நம்பிக்கை வருவதும் இயல்பு.

பயம் தணிந்தபின் அவர் சொன்னது தொழில் சம்பந்தமான ஆட்சேபம். நெசவாளர் வீட்டில் இது சாதாரண விஷயம் அன்று. வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீட்டி, இருபுறமும் வீட்டார் நின்று, அறுந்த இழையை விரல் நுனியால் தேடி முடிந்துகொண்டு போகிற வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு ஆட்டுக்குட்டி அடியில் புகுந்து ஓடினாலும் அன்றைய வேலை போயிற்று, இரண்டு மூன்று சேலைக்கான பட்டு அது. வீட்டுக்குள்ளோ தறிக்குழி. நெய்கிறவரின் கால் மிதியை அழுத்தும்போது உள்ளே ஒரு குட்டி விழுந்து கிடந்தால் என்ன ஆகும்? வாரியங்காவலிலும் இலையூரிலும் உள்ள சொந்தக்காரர் வீடுகளில் நாய் இருக்கிறதே என்று விசாரித்ததில், தறி இருக்கிற கூடத்துக்குள் அவை வருவதே இல்லை, குட்டியிலிருந்தே தாழ்வாரத்தோடு பழக்கிவிட்டோம் என்றார்கள். அந்தப் பெண் தாழ்வாரத்துக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ள நிலைப்படியில், மூங்கில் தப்பைகளைக் கயிற்றால் கட்டி, தன் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு படல் செய்து மாட்டினாள். நாய் வருவதற்கு வெகு நாள் முன்பே அந்தப் படல் வந்துவிட்டது. தப்பைகளுக்கு இடையில் அவளே தன் முஷ்டியை விட்டுப் பார்த்து, நுழைகிற இடத்திலெல்லாம் இன்னொரு தப்பை கட்டினாள். பாவு நீட்டுகிற காலை நேரத்தில் குட்டி கொல்லையில் கட்டிக் கிடக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

என் தமக்கையின் கணக்கு இதைவிட எளிது, இதைவிட நியாயமானதும்கூட. "காலையில எந்திரிச்சு சோறாக்கி, தார் சுத்தி, தறிக்கு ஒத்தாச பண்ணி, ராத்திரி பாத்திரம் கழுவுறவ நான். நாளைக்கு நாய்ப்பீ அள்ளுறதும் நானாத்தான் இருக்கும். இன்னும் அஞ்சாறு வருசத்துல இவ காலேசுக்குப் போயிடுவா. நாயி எங்கிட்டதான கெடக்கும்?" என்றாள் அவள். இதற்கு ஒரு பதிலும் சொல்ல முடியாது. நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழ்கிற ஜீவன். பன்னிரண்டு வயதுக் குழந்தை கேட்டு வாங்குகிற நாயை, இருபத்து மூன்று வயதில் அவள் எங்கே இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறாள்? குழந்தையின் நாய் என்பது நடைமுறையில் தாயின் நாய்தான். ஆகையால் "எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன்" என்ற வாக்குறுதியைப் பிள்ளைகள் வீசக்கூடாது. அது நிறைவேறாது என்று தாய்மாருக்குத் தெரியும். "இத்தனை வேலையை இன்றைக்கே உன் தோளிலிருந்து இறக்கிவிடுகிறேன், அந்த இடத்தில் இதற்கு இடம் கொடு" என்று கேட்பதுதான் நேர்மை.

அவள் அப்படித்தான் செய்தாள். கொல்லை பெருக்குவது, கோழிக்கூட்டைத் திறந்து சுத்தம் செய்வது, தண்ணீர் பிடித்து நிரப்புவது இவற்றைப் பள்ளிக்கூடம் போகுமுன் முடிக்க ஆரம்பித்து, மழைக்காலத்திலும் விடாமல் நடத்தினாள். அடுத்த வீட்டார் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது அவர்களுடைய நாயை இவள் பொறுப்பில் விட்டுப் போனார்கள். சோறு வைப்பது, நீர் மாற்றுவது, அசுத்தத்தை மண் போட்டு அள்ளுவது எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்ததைத் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்தபடி தாயார் கவனித்துக்கொண்டே இருந்தாள். சம்மதம் என்று ஒருநாளும் அவள் வாயால் சொல்லவில்லை. தை பிறந்த பிறகு, பழைய அலுமினியத் தட்டு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவிக் கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்தாள். எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

எந்தக் குட்டி என்பதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். கைப்பேசியில் பிள்ளைகள் பார்க்கிற ஹஸ்கி என்ற நாய் சைபீரியாவின் பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது; இரட்டை ரோமப் போர்வை உடையது. பக் என்ற சப்பை மூக்கு நாய்க்கு நம் சித்திரை வெயிலில் மூச்சு விடுவதே பிரயத்தனம். அரியலூர்ச் சீமையின் கோடைக்குள் இவற்றைக் கொண்டுவந்து சிமெண்டுத் தரையில் கட்டிப்போடுவதைப் பிரியம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டிலேயே பெயர் பெற்ற ஜாதிகள் இருக்கின்றன. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகள் நான்கில் ராஜபாளையமும் ஒன்று. ஆயினும் வேட்டைக்கும் காவலுக்கும் ஆன அவற்றுக்கு ஓடித் திரிய நிலம் வேண்டும். நெசவாளர் வீட்டுக் கொல்லைக்கு, பெயரில்லாத நம் நாட்டு நாயைவிடப் பொருத்தமானது வேறில்லை. வெயிலைத் தாங்கும், நம் சோற்றைத் தின்று செரிக்கும், வாசலில் புதுக் கால் பட்டால் குரல் கொடுக்கும்.

சம்பா அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடத் தெற்கிலிருந்து கீதாரிகள் வருவார்கள். அப்படி எங்கள் ஊர் எல்லையில் கிடை போட்டிருந்த ஒருவரின் நாய் குட்டி போட்டிருந்தது. கண் திறந்து தளர்நடை போட்டுக்கொண்டிருந்த குட்டிகளில், கருமூக்கும் செம்பட்டை உடம்பும் கொண்ட ஒரு பெண்குட்டி இவள் பாவாடை ஓரத்தைக் கவ்விக்கொண்டது. அன்றே தூக்கிக்கொண்டு வந்துவிட ஆசைதான். ஆனால் எட்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருந்தால்தான் எவ்வளவு கடித்தால் வலிக்கும், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. முந்திப் பிரித்த குட்டிகள் பின்னால் பயந்தும் கடித்தும் வளர்கின்றன. கீதாரியும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார்: "பால்குடி மறக்கட்டும் தாயி." காத்திருந்தாள். காசு கொடுத்தபோது அவர் வாங்க மறுத்துவிட்டார்.

காளி வீட்டுக்கு வந்தது மாசி மாதத்தில். முதல் சில இரவுகள் தாயை நினைத்து அழுதது. நடு இரவில் எழுந்து அதன் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டவள் யார் என்று நினைக்கிறீர்கள்? வெள்ளி செவ்வாய் பேசிய அப்பாயிதான். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் கொல்லையின் அதே மூலைக்குக் கொண்டுபோய் விட்டதில் அசுத்தம் செய்யாத பழக்கம் சீக்கிரமே வந்துவிட்டது. பூச்சி மருந்து, பார்வோ முதலிய குட்டி நோய்களுக்கான ஊசி, மூன்றாம் மாதத்து வெறிநோய் ஊசி எல்லாம் நோட்டில் உள்ளபடி நடந்தன. தட்டில் சாம்பார்ச் சோறு போட என் தமக்கை போனபோது, வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும் என்று மகள் தடுத்து, வெறும் சோற்றில் முட்டையும் மோரும் பிசைந்து வைத்தாள். வேகவைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும், சாக்லேட்டும் திராட்சையும் விஷம் என்பவை சமையற்கட்டுச் சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒருநாள் காளி படலைத் தாண்டிப் போய், ஊடை சுற்றிவைத்த தார் ஒன்றைக் கடித்துக் குதறிவிட்டது. வீட்டில் ஒருவரும் கூச்சலிடவில்லை. மச்சான் தாமே போய் இன்னும் இரண்டு மூங்கில் பிளந்து வந்து படலை உயர்த்தினார்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மறுக்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. வாடகை வீடாக இருக்கலாம், நோயாளி இருக்கலாம், பொழுது இல்லாமல் இருக்கலாம். மறுக்கும்போது காரணத்தை மட்டும் குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்த குழந்தை காத்திருக்கும், அல்லது அந்தக் காரணத்தைத் தீர்க்க முயலும். தெரியாத குழந்தை, தன் பிரியம்தான் மறுக்கப்பட்டது என்று நினைத்துக்கொள்ளும்.

காளிக்குக் கருத்தடை அறுவை செய்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஐந்தாறு குட்டிகளுக்கு நல்ல வீடு தேட முடியாதவர்கள் அதைச் செய்துவிடுவதே தர்மம் என்பதில் வீட்டில் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் தானே கொண்டுபோவேன் என்கிறாள் மகள். பரீட்சை நேரத்தில் விடுப்பு எடுக்கக்கூடாது, தறியை ஒருநாள் நிறுத்திவிட்டு நான் போகிறேன் என்கிறார் தகப்பனார்.